சட்டைப் பையில் ஒரு பீஸ் கட்டை

இன்று காலை எங்கள் வீட்டு சிங்க்கின் அடியிலிருந்து அந்த முனகல் மறுபடியும் கேட்டது. அது எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். அரைக்கிற சத்தம் அல்ல. அரைக்க நினைத்து முடியாமல், வாயை மூடிக்கொண்டு ஒருவன் கோபத்தில் இரைவதுபோல நீளமாக ஒரு 'ம்ம்ம்'. ஏழெட்டு நொடி. அப்புறம் 'டக்' என்று ஒரு ஒலி. அப்புறம் ஒன்றுமில்லை.

ரெஜினா இரண்டடி பின்னால் வந்து, போலீஸ்காரரிடம் சரணடைகிறவள்போல இரண்டு கைகளையும் தூக்கிக்கொண்டு நின்றாள். சோப்பு நுரை முழங்கை வழியாக வழிந்தது. என் பக்கம் திரும்பாமலேயே, "போய்ப் புடுங்கிட்டு வாங்க" என்றாள்.

கூடத்துக்குப் போய் மீட்டர் பலகையிலிருந்து மெயின் பீஸ் கட்டையை உருவினேன். மின்விசிறி தளர்ந்து நின்றது. உள்ளங்கையில் அடங்கிவிடுகிற அந்த வெள்ளைப் பீங்கானைச் சட்டைப் பையில் போட்டேன். பனியனைத் தாண்டி அதன் சில்லிப்பு நெஞ்சில் பட்டதும் நீ வந்துவிட்டாய்.

நீ போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. இத்தனை நாளும் இந்த மெஷின் ஒரு தகராறும் செய்யாமல் ஓடியது. அதன் துக்கம் இன்றோடு முடிந்துவிட்டது போலிருக்கிறது.

அது எங்கள் வீட்டுக்கு வந்தது சுனாமிக்கு முந்தின வருஷம். ரெஜினாவின் அண்ணன் அதை அமெரிக்காவிலிருந்து துவாலையில் சுற்றிக் கொண்டுவந்தார். ஒரு சின்னக் குடம் அளவு இருக்கும், ஆனால் குழந்தையைத் தூக்குவதுபோல இரண்டு கையாலும் தூக்க வேண்டும். சிங்க்கின் ஓட்டைக்கு அடியில் அதைத் தொங்கவிட்டு, தோல், எலும்பு, மிச்சச் சோறு எல்லாவற்றையும் தண்ணீரோடு உள்ளே தள்ளினால், கூழாக்கிச் சாக்கடைக்கு அனுப்பிவிடும். "அங்க எல்லா வீட்லயும் இருக்கு மச்சான். குப்பைன்னு ஒரு பேச்சே கிடையாது" என்றார். நாங்கள் நம்பினோம். அமெரிக்காவிலிருந்து வருகிறவர் சொல்வதை நம்புவது முதலியார்பேட்டையில் நெடுநாள் வழக்கம்.

அதுவரை எங்கள் வீட்டு வாழைப்பழத் தோலும் காய்கறிக் கழிவும் தினமும் பதினோரு மணிக்கு வாசலில் வந்து நிற்கும் ஒரு சிவப்புப் பசுவுக்குப் போய்க்கொண்டிருந்தன. மெஷின் வந்த பிறகும் அது ஒரு மாதம் வந்தது. வாசலில் நின்று, உள்ளே அரைக்கிற சத்தத்தைக் காதை மடக்கிக் கேட்டுவிட்டுப் போகும். பத்திரம் எழுதும் நோத்தேரிடம் முப்பது வருஷம் எழுத்தராக இருந்து, பழைய பிரெஞ்சுப் பத்திரங்களைத் தமிழில் பெயர்த்தே கண் கெட்டவன் நான். ஒருதலையாக முறிக்கப்பட்ட ஒப்பந்தங்கள் நல்லபடியாக முடிந்ததில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பொருத்துவதற்கு உன்னைத்தான் கூப்பிட்டேன். வேறு யாரைக் கூப்பிடுவது? ஆறாம் வகுப்பில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்த நாளிலிருந்து, என்னால் முடியாததை நீ செய்தாய். உன்னால் முடிவதைப் பற்றி நான் பேசினேன், பிறகு பத்திரிகைக்குக் கதையாகவும் எழுதினேன். மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில், பிளாஸ்டிக் கழிவைத் தூளாக அரைத்து மறுபடியும் வாளியும் குடமும் செய்கிற கம்பெனியில் நீ எலக்ட்ரீஷியன். பத்து விரலும் முழுசாக இருக்கிற ஒரே எலக்ட்ரீஷியன் என்று உன்னைக் கேலி செய்வேன். நீ சிரிக்க மாட்டாய். உனக்கு நகைச்சுவை உணர்வு கிடையாது என்று பல வருஷம் நினைத்திருந்தேன்.

நீ டார்ச்சை அதன் வாய்க்குள் அடித்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாய்.

"பிளேடு எங்கடா?" என்றேன்.

"பிளேடு கிடையாது. தட்டு மேல ரெண்டு இரும்புக் கட்டி ஆடுது பாரு. சுத்துறப்போ விசிறி அடிக்கும். பிளேடுன்னா வெட்டிட்டு வுட்டுடும். இது வுடாது." டார்ச்சை அணைத்துவிட்டு, தாழ்ந்த குரலில், "இதோட அண்ணன் எங்க கம்பெனில இருக்குறான்" என்றாய்.

"அப்ப சொந்தக்காரன்தான். ஒழுங்கா மாட்டு" என்றேன்.

அமெரிக்கக் கரண்ட் நம்முடையதில் பாதி என்பதால், ஒரு செங்கல் அளவு டிரான்ஸ்பார்மரை நீயே சுற்றிக் கொண்டுவந்து சிங்க்கின் கீழே வைத்தாய். சுவிட்சில்தான் தகராறு வந்தது. பெட்டியோடு அவர்கள் ஊர் சுவிட்சும் வந்திருந்தது. நம் ஊரில் கீழே தட்டினால் ஆன். அவர்கள் ஊரில் மேலே தட்டினால் ஆன்.

"தலைகீழா மாட்டிடறேன்டா. நம்ம கைக்கு நம்ம பழக்கம்தான் சரி."

நான் கையேட்டைப் புரட்டி, படத்தைக் காட்டி, "மேலதான் ஆன்னு போட்டிருக்கான்" என்றேன். அச்சில் இருப்பதை மீறுவது என் தொழில் தர்மத்துக்கு ஒத்துவரவில்லை. நீ என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நான் சொன்னபடியே மாட்டினாய். அந்தப் பார்வையை அப்போது படிக்கத் தெரியவில்லை. அது பிரெஞ்சில் இல்லை.

வேலை முடிந்ததும் உன் சடங்கு நடந்தது. பீஸ் கட்டையைச் சட்டைப் பையிலிருந்து எடுத்தாய். ஆனால் பலகையில் போடவில்லை. "எல்லாரும் கையைக் காட்டுங்க" என்றாய்.

"இன்னாத்துக்குண்ணே?" என்றாள் ரெஜினா.

"காட்டும்மா தங்கச்சி."

அவள் இரண்டைத் தூக்கினாள். நான் இரண்டைத் தூக்கினேன். நீயும் உன்னுடையதைத் தூக்கி, உதடு அசைய, "ரெண்டு, நாலு, ஆறு" என்று எண்ணினாய். எண்ணி முடித்த பிறகுதான் கட்டையை அழுத்தினாய். உனக்கு 'பீஸ் கட்டை சாமி' என்று அன்றைக்கே பெயர் வைத்தேன்.

சுவிட்சை அணைத்துவிட்டேன் என்று சொன்னால் உனக்குப் போதாது. "யார் சொன்னா?" என்பாய். "நான்தான்டா சொல்றேன்" என்றால், "நீ யாரு?" என்பாய். பீஸ் கட்டை யார் பையில் இருக்கிறதோ அவன் கைதான் உள்ளே போகலாம். மற்றவன் கை வெளியே. உன் வேதம் முழுவதும் அவ்வளவுதான். இந்த மெஷினுக்காக அதில் இன்னும் கொஞ்சம் சேர்த்தாய். அடைத்துக்கொண்டால் பீஸைப் பிடுங்கு. கையை விடாதே. அடிப்பக்க ஓட்டையில் வளைந்த சாவியைப் போட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பு. அசையவில்லையென்றால் மேலேயிருந்து சவுக்குக் கட்டையால் நெம்பு. மாட்டிக்கொண்டதை டார்ச் அடித்துப் பார்த்து இடுக்கியால் எடு.

இன்னொன்றும் சொன்னாய். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. "அது சும்மா இருக்குதுன்னா மூணு காரணம் இருக்கும்டா. யாரோ ஆஃப் பண்ணியிருக்கணும். இல்ல, கரண்ட் போயிருக்கணும். இல்ல, சூடாயி அதுவே நின்னிருக்கணும். இதுல ரெண்டு தானா சரியாயிடும்."

அடுத்த வருஷம் கோடையில் ஒரு சாயங்காலம், ரெஜினா புளி கரைத்துச் சக்கையை உள்ளே தள்ளினாள். அதில் ஒரு புளியங்கொட்டை இருந்தது. மெஷின் முனகியது, 'டக்' என்றது, அடங்கியது. அடங்கிவிட்டதால் யாரும் சுவிட்சைத் தொடவில்லை. உன் வீட்டுக்குப் போன் செய்தேன்.

"நாளைக்கு ஷிப்ட் முடிச்சுட்டு வர்றேன். அதுவரைக்கும் கை வைக்காத. பீஸைப் புடுங்கி வெச்சுடு."

"சரி" என்றேன். பிடுங்கவில்லை. பிடுங்கினால் ராத்திரி மின்விசிறி ஓடாது. தத்துவமா கொசுவா என்று வந்தபோது நான் கொசுவின் பக்கம் நின்றேன்.

மறுநாள் காலை பேப்பரில் அறிவிப்பு இருந்தது. பராமரிப்புப் பணிக்காகக் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை எங்கள் பகுதியில் மின்சாரம் இருக்காது. சொன்னபடியே ஒன்பதுக்குப் போனது. அன்று மாலை ரெஜினாவின் அண்ணன் குடும்பத்தோடு வருவதாக இருந்தது. அவர் கொடுத்த மெஷின் செத்துக் கிடக்க, சிங்க்கில் தேங்காய்த்திட்டிலிருந்து வந்த வஞ்சிரத்தின் குடலும் தண்ணீரும் நின்றுகொண்டிருந்தன. மத்தியானத்துக்குள் நாற்றம் கூடம் வரை வந்துவிட்டது. ரெஜினா மூக்கில் முந்தானையோடு பக்கத்து வீட்டுக் கிணற்றடிக்கு மீதி மீனைக் கழுவப் போய்விட்டாள்.

மூன்று மணிக்கு நான் யோசித்தேன். இந்த ஊரில் எல்லாரும் யோசிக்கிறபடிதான் யோசித்தேன். கரண்ட் இல்லாதபோதுதானே நாம் ஹோல்டரைக் கழற்றுகிறோம், அயர்ன் பாக்ஸைப் பிரிக்கிறோம்? கரண்ட் போனால் ரிப்பேருக்கு நல்ல நேரம் வந்துவிட்டது என்றுதான் இங்கே அர்த்தம். ஐந்து மணி வரை வராது என்று அச்சிலேயே இருக்கிறது. சுவரைப் பார்த்தேன். சுவிட்ச் மேலே இருந்தது. மேலே இருந்தால் ஆஃப். என் கண் பிறந்ததிலிருந்து படித்த பாடம் அது. ஒரு வருஷம் முன்பு படத்தைக் காட்டி உன்னிடம் வாதாடியவனும் நான்தான் என்பது அந்த நேரத்தில் நினைவுக்கு வரவில்லை.

தண்ணீரை மொண்டு வாளியில் ஊற்றினேன். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு வலக்கையை உள்ளே விட்டேன்.

வாயில் ரப்பர் இதழ்கள் இருக்கும், உனக்குத் தெரியும். போகும்போது வழிவிட்டு, மணிக்கட்டுக்கு மேலே போனதும் மெதுவாகக் கவ்விக்கொண்டன. உள்ளே குளிர்ச்சியாக இருந்தது. வழவழப்பான தட்டு. விரல் பட்டதும் இரும்புக் கட்டி ஒன்று சத்தமில்லாமல் நகர்ந்து வழிவிட்டது. அந்தப் பணிவு எனக்குப் பிடித்திருந்தது. சுவரோரமாகத் தடவிப் புளியங்கொட்டையைக் கண்டுபிடித்தேன். இரண்டு விரலால் ஆட்டி ஆட்டி இழுத்ததும் வந்துவிட்டது. தட்டு தானாக ஒரு அங்குலம் சுழன்று நின்றது.

அப்போது கூடத்தில் ஏதோ நடமாட்டம் கேட்டது. யாரும் என்னைக் கூப்பிடவில்லை. மீட்டர் பலகையில் பீங்கான் உரசுகிற ஒலி மட்டும் கேட்டது. பிறகு சமையலறை வாசலில் நீ நின்றாய். கம்பெனிச் சட்டை, வியர்வை, பையில் ஒரு புடைப்பு.

"கைய வெளிய எடு" என்றாய். சத்தம் போடவில்லை. தூங்குகிற குழந்தை இருக்கும் வீட்டில் பேசுவதுபோலச் சொன்னாய்.

"கரண்டே இல்லடா சாமி. அஞ்சு மணி வரைக்கும் வராது. பேப்பர்ல போட்டிருக்கான்."

"எடுடா."

"சுவிட்சும் ஆஃப்ல இருக்கு. நீயே பாரு."

நீ சுவரைப் பார்த்தாய். உன் முகம் போன போக்கை நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே பக்கத்து வீட்டு மோட்டார் 'ஊய்ய்' என்று எழுந்தது. அடுத்த வீட்டு டிவியில் ஒரு பெண் பாதி வாக்கியத்திலிருந்து அழத் தொடங்கினாள். எதிர் மாடியில் கிரைண்டர் உருண்டது. தெரு முழுக்க ஒரே மூச்சில் உயிர் வந்தது. எங்கள் வீட்டில் மட்டும் எதுவும் அசையவில்லை. தலைக்கு மேல் மின்விசிறி நின்றபடி நின்றது.

மணி மூன்று இருபத்தைந்து. அரசு வேலை குறித்த நேரத்துக்கு ஒன்றரை மணி நேரம் முன்னதாக முடிந்த வேறொரு நிகழ்ச்சி எனக்குத் தெரிந்து இந்த ஊரில் கிடையாது.

என் கை இன்னும் உள்ளேதான் இருந்தது. எடுக்க நினைத்தேன். இழுக்க இழுக்க ரப்பர் இறுக்கிக்கொண்டது. நீ வந்து என் முழங்கையைப் பிடித்து, வளையல் கழற்றுவதுபோலத் திருப்பித் திருப்பி வெளியே எடுத்தாய். விரல்களுக்கு நடுவில் புளியங்கொட்டை இருந்தது. அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாய்.

"மெஷின் ராத்திரியெல்லாம் ஆறி ஆறி முனகியிருக்கும், பேன் சத்தத்துல உனக்குக் கேட்டிருக்காது. சுவிட்ச் ஆன்ல இருக்கு. கரண்டும் வந்துடுச்சு. உன் கைய காப்பாத்திக்கினு இருந்தது இந்த ஒரு கொட்டைதான்டா. அதையும் நீயே எடுத்துட்ட."

கையைத் துடைத்துக்கொண்டே, "ஏன்டா என்னைக் கூப்பிடல? வாசல்லேருந்தே கத்தியிருக்கலாமே" என்றேன்.

"கத்துனா நீ பதில் சொல்லுவ. நீ பேச ஆரம்பிச்சா எப்ப முடிப்ப?"

உன்னிடமிருந்து நான் கேட்ட ஒரே நகைச்சுவை அதுதான். அதற்கு நான் சிரிக்கவில்லை.

பீஸைப் போடாமலேயே பின்கட்டுப் படியில் போய் உட்கார்ந்தாய். நான் தண்ணீர் கொண்டுவந்தேன். சொம்பை நான் இடக்கையால் பிடித்திருந்ததைக் கவனித்தாய். அப்புறம்தான் சொன்னாய்.

"பத்து வருஷத்துக்கு முன்னாடி. கம்பெனில அரைக்கிற மெஷின் அடைச்சுக்கிச்சு. கண்ணையன் உள்ள கைய வுட்டு எடுத்துக்கினு இருக்கான். எனக்குத் தெரியாது. நான் அந்தாண்ட பக்கம், பேனல்கிட்ட. சூபர்வைசர் வந்து, ஏன் இன்னும் நிக்குதுன்னாரு. ஹேண்டில் ஆஃப்ல, கீழ கெடந்துச்சு. தூக்கி வுட்டேன்." சொம்பை வாங்கிப் படியில் வைத்தாய். "அவ்ளோதான்டா. தூக்கி வுட்டேன்."

"கத்துனானா?"

"மெஷின் சத்தம்தான் கேட்டுச்சு."

வலக்கை, முழங்கைக்குக் கீழே. விசாரணை நடந்ததாம். 'நான்தான் ஆஃப் பண்ணாம கை வெச்சுட்டேன்' என்று எழுதச் சொல்லி, கண்ணையன் கையெழுத்துக்குப் பதில் இடக்கைப் பெருவிரலை வைத்தானாம். கம்பெனி அவனை வீட்டுக்கு அனுப்பியது. உன்னை வைத்துக்கொண்டது.

"என்னைக் காட்டிக் குடுக்கல. ஏன்னு கேக்கணும். மாசத்துக்கு ஒரு தபா பாகூர்ல அவன் பொட்டிக்கடைக்குப் போறேன். டியூப் லைட்டு பாக்கறேன், பேன் பாக்கறேன், டீ குடிச்சுட்டு வந்துடறேன். கேக்க வாய் வரல." எழுந்து பேன்ட்டைத் தட்டினாய். "இதை எழுதித் தொலைச்சுடாத."

கூடத்துக்குப் போனோம். மீனோடு ரெஜினா வந்திருந்தாள். "கையைக் காட்டுங்க" என்றாய். ஆறு. அன்றைக்கு எண்ணும்போது என் வலக்கையின் மேல் உன் பார்வை கொஞ்சம் கூடுதலாக நின்றது. கட்டையை அழுத்துவதற்கு முன்பே சுவிட்சைத் தலைகீழாக மாற்றிவிட்டிருந்தாய். கையேட்டை நான் தேடவில்லை. மாலையில் வந்த ரெஜினாவின் அண்ணன், "மெஷின் எப்படி, பிராப்ளம் ஒண்ணும் இல்லையே?" என்றார். "இல்லைங்க" என்றாய் நீ. ஒரு மாம்பழத் தோலை உள்ளே தள்ளி, அவருக்கு ஓட்டியும் காட்டினாய்.

போன வருஷம் தேங்காய்த்திட்டில், மீன் ஏலம் எடுக்கும் ஒரு அம்மாவின் வீட்டில் தண்ணீர் மோட்டார் பார்க்கப் போன இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாய். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ பேசவில்லை, அசையவில்லை. கட்டிலோரம் நின்று எண்ணிக்கொண்டிருந்தேன். சும்மா இருக்கிறது என்றால் மூன்று காரணம்; இரண்டு தானாகச் சரியாகிவிடும். அதைச் சொன்னவனே நீதான் என்பதால், மீதி ஒன்றை நான் ஒப்புக்கொள்ள மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்தது.

இரண்டாம் நாள், உன் வீட்டு வாசலில் அந்த அம்மா தயங்கித் தயங்கி வந்து நின்றார். பகலிலும் கையில் ஒரு டார்ச் இருந்தது.

"கேக்கக் கூடாதுதான் சார். எங்க வூட்ல ரெண்டு நாளா கரண்ட் இல்ல. பீஸ் கட்டை அவரு பாக்கெட்ல இருக்குது."

"வேற ஒண்ணு கடையில கிடைக்குமேம்மா?"

"கிடைக்கும். மோட்டார் மூடி தொறந்தபடி கெடக்குது. நான் போடற வரைக்கும் யாரும் போடாதீங்கன்னு சொல்லிட்டுத்தான் அவரு வேலையில கை வெச்சாரு. அதான் யாரும் போடல."

ஆஸ்பத்திரியில் கொடுத்த பிளாஸ்டிக் பையை உன் மனைவி பிரிக்காமல் வைத்திருந்தாள். நான்தான் பிரித்தேன். சட்டைப் பையில் அது இருந்தது. வெள்ளையாக, எந்தச் சலனமும் இல்லாமல் இருந்தது. ஒரு வீட்டின் வெளிச்சம் முழுவதையும் நீ உன்னோடு எடுத்துக்கொண்டு போயிருந்தாய்.

"நானும் வர்றேன்" என்று பந்தலிலிருந்து ஒருவன் எழுந்தான். வலது சட்டைக் கை மடித்துப் பின் குத்தியிருந்தது. பெயர் சொல்லத் தேவையில்லாமல் போயிற்று. என் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து, ஒரே கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தான்.

மோட்டாரின் மூடி திறந்தபடி இருந்தது. ஒயர் நுனிகள் நீ விட்ட இடத்தில், ஒன்றையொன்று தொடாமல் விலகி நின்றன. கண்ணையன் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு நுனியிலும் டேப் சுற்றி மூடியைப் போட்டேன். பலகையருகே போய்ப் பீஸ் கட்டையைக் கையில் எடுத்ததும், நான் நினைக்காமலேயே என் வாய், "எல்லாரும் கையைக் காட்டுங்க" என்றது.

அந்த அம்மா இரண்டு. அவர் மருமகள் இரண்டு. என்னுடையது இரண்டு. கண்ணையன் ஒன்று. "ஏழு" என்றேன். கட்டையை அழுத்தியதும் உள்ளே ஃபிரிட்ஜ் முனகத் தொடங்கியது.

"இதென்னா சார், புதுசா இருக்கு?" என்றான் கண்ணையன்.

"அவன் எப்பவும் பண்றதுதானே. உங்க வீட்ல சொல்ல மாட்டானா?"

"இல்ல. எங்க வூட்ல கடைசியா பீஸ் போடச் சொல்லி என் பொண்டாட்டிகிட்ட குடுத்துட்டு வெளிய போய் நின்னுக்குவாரு."

திரும்பி வரும் வழியில், துறைமுகச் சாலை முனையில் டீ குடிக்க நிறுத்தினோம். நீ பத்துப் பதினைந்து வருஷம் கேட்காததை நான் கேட்டேன். விசாரணையில் ஏன் அப்படி எழுதிக் கொடுத்தான் என்று.

அவன் டம்ளரைப் பெஞ்சில் வைத்தான். "உள்ளதத்தானே சார் எழுதிக் குடுத்தேன். ஹேண்டில இறக்குனேன்னுதான் எனக்கு ஞாபகம். நல்லா ஞாபகம். ஆனா மெஷின் ஓடிடுச்சே. அப்ப இறக்கலன்னுதானே அர்த்தம்? என் புத்தியத்தான் சொல்லணும். இன்னைக்கும் படுத்தா அதேதான் ஓடும். இறக்குனனா, இல்லையா. இறக்குனனா, இல்லையா." பிறகு என் முகத்தைப் பார்த்தான். "ஒண்ணுதான் சார் எனக்குப் புரியல. கம்பெனில எத்தினியோ பேரு இருந்தாங்க. இவரு மட்டும் ஏன் மாசா மாசம் வந்தாரு?"

பதில் எனக்குத் தெரியும். வேறு சாட்சி இல்லை. ஒரே சாட்சி, அவனைப் பின்னால் உட்காரவைத்து ஸ்கூட்டர் ஓட்டி வந்த நான்தான். உன் வீட்டில் உன் படத்துக்கு மாலை வாடக்கூட இல்லை. "அவன் அப்படித்தான் கண்ணையா" என்றேன். அவன் தலையாட்டினான். மீதி டீயைக் குடித்தான்.

அவன் உன்னைக் காப்பாற்றியதாக நீ நினைத்துக்கொண்டிருந்தாய். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. அவன் தன்னைத்தான் குற்றவாளியாக எழுதிக் கொடுத்தான், அதை நம்பியே எழுதிக் கொடுத்தான். நீ ஒருமுறை வாயைத் திறந்திருந்தால் அவன் ஒரு ராத்திரியாவது தூங்கியிருப்பான். ஊரில் உள்ளவர்கள் கையையெல்லாம் தூக்கச் சொல்லி எண்ணினாய். அவன் முன்னால் உன் கையை நீ காட்டவே இல்லை. இந்தப் பதினான்கு மாதமும் நானும் காட்டவில்லை. பாகூர் இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட இல்லை.

இன்று காலை மெஷினில் சிக்கியிருந்தது ஒரு முருங்கைக்காய்ச் சக்கையும் அதில் சுற்றிய ஒரு நூலும். அடியில் சாவியைப் போட்டுத் திருப்பினேன். சவுக்குக் கட்டையால் நெம்பினேன். டார்ச் அடித்து, இடுக்கியால் எடுத்தேன். என் கை ரப்பருக்கு மேலேயே நின்றது. பத்து நிமிஷ வேலை. அது முடிந்து ஒரு மணி நேரம் ஆகிறது. பீஸ் கட்டை என் பையில் இருக்க, வியர்வை சொட்டச் சொட்ட இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். கண்ணையன் என்பது அவன் பெயர் அல்ல. எழுதாதே என்று நீ சொன்னதை இந்த அளவுக்குத்தான் என்னால் மதிக்க முடியும். இதை வேறு யாரும் படிப்பதற்கு முன் அவன் படிப்பான். இல்லை, நான் படித்துக் காட்டுவேன்.

ரெஜினா இரண்டாம் தடவையாகக் கூப்பிடுகிறாள். "இன்னாங்க, பீஸைப் போடறதா இல்லையா? வெந்து சாகறேன்." சமையலறை வாசலில் நின்று, நான் கேட்காமலேயே இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டுகிறாள்.

போட்டுவிட்டுத்தான் கிளம்புவேன். வீட்டை இருட்டில் விட்டுவிட்டுப் போவது உன் வழக்கம், என்னுடையது அல்ல. பதினோரு மணி பாகூர் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். அவன் கடை முன்னால் போய் நின்று, ஹேண்டிலைத் தூக்கிய உன் கைகள் இரண்டையும் நான் தூக்கிக் காட்டுகிறேன். எண்ணுவதா வேண்டாமா என்பதை அவன் பார்த்துக்கொள்ளட்டும்.